காலைக் கூட்டத்துச் சத்தியம்

முதல் மூன்று வரிகளையும் தடுமாறாமல் சொல்லிவிடுவேன். நாலாவது வரிக்கு முன்னால்தான் நாக்கு தயங்கும். எதிரே பள்ளிக்கூடம் முழுவதும் வெள்ளைச் சட்டைகளாக வரிசையில் நிற்கும், நான் சொல்வதைத் திருப்பிச் சொல்வதற்காக. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மணலை அள்ளிக் கணுக்காலில் எறியும். பூவரச மரத்தடியில், ஆசிரியர்களின் வரிசை ஓரத்தில், அம்மா நிற்பாள். என்னைப் பார்க்கமாட்டாள். என் குரலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள், இன்னொருவர் தலையில் தளும்பும் குடத்தைப் பார்ப்பதுபோல.

எழுபதுகளின் தொடக்கம் அது. தொண்டைமானாற்றில், கடலும் ஆறும் முட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கிட்ட, மணலில் நின்ற ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அம்மா அங்கே ஆசிரியை. நான் அங்கே ஐந்தாம் வகுப்பு. இந்த இரண்டும் ஒரே இடத்தில் நடப்பது எங்கள் வீட்டில் பெரிய காரியம். அதற்கு முந்திய வருடங்களில் அம்மா வன்னியில், காட்டுக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இருள் கவியும் மைம்மல் பொழுதில் பஸ்ஸால் இறங்குவாள். ஞாயிறு மத்தியானம் போய்விடுவாள். அப்பா கடலுக்குப் போகிறவர். ஆகவே என்னை வளர்த்தது பெரியம்மா, அம்மாவின் தமக்கை. அம்மா வந்து இறங்கும்போது அவளுடைய சேலையில் வேறு ஊரின் புழுதி மணக்கும். அந்த மணம் போகுமுன் அவளே போய்விடுவாள். பிறகு எப்படியோ இடமாற்றம் கிடைத்து ஊரோடு வந்தாள். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திரும்ப அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வீட்டில் ஓர் ஆளைப்போல இருந்தது. எங்களோடு இருந்து சாப்பிட்டது. நான் படுத்தால் பக்கத்தில் படுத்தது.

அந்தப் பயத்தின்மேல்தான் சத்தியம் வந்து ஏறியது.

பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியரான எங்கள் அதிபர் நல்லூர்ப் பக்கத்தவர். தினமும் பஸ்ஸில் வருவார். அந்த நெரிசலிலும் வேட்டியின் மடிப்புக் கலையாது. கெட்ட மனிதரல்லர். ஒருநாள் காலையில் பள்ளிக்கூட மதிலில் யாரோ அரசாங்கத்துக்கு எதிராகத் தாரால் எழுதியிருந்தார்கள். யார் என்று ஊருக்குத் தெரியும். ஊர் சொல்லாது. பொலிஸ் ஜீப் வந்து நின்றபோது அதிபர் அதன் பக்கத்தில் நின்று, கேட்கப்படாத கேள்விகளுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்புக்குக் கீழே தார் தெரிந்துகொண்டே இருந்தது. இரண்டாம் முறை அடித்தார்கள். அப்போதும் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான், பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்றை ஊட்ட வேண்டுமென்று ஒரு சுற்றுநிருபம் வந்திருப்பதாகவும், மேலிடத்திலிருந்து பார்க்க வருவார்கள் என்றும் அவர் ஆசிரியர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எப்படி ஊட்டுவது என்று சுற்றுநிருபத்தில் இல்லையாம். அதை அதிபரே கண்டுபிடித்தார். தினமும் தேவாரம் முடிந்ததும் ஒரு சத்தியப் பிரமாணம். வாசகமும் அவருடையதுதான். இந்த நாடு என் தாய். இதன் சட்டங்களுக்கு அமைந்து நடப்பேன். பொய்யும் சோம்பலும் இல்லாமல் இதன் உயர்வுக்கு உழைப்பேன். வேண்டும்போது இதற்காக என் உயிரையும் கொடுப்பேன் எனச் சத்தியம் செய்கிறேன்.

பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. புதிதாக வந்தவள், மாட்டேன் என்று சொல்ல முடியாதவள். அவள் மகளான என்னையே தெரிந்தெடுத்தாள், வேறொரு பிள்ளையின் தாயிடம் போய்க் கேட்கத் தேவையில்லாததால் என்று நினைக்கிறேன்.

வீட்டில் சொல்லிப் பழகினேன். முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா மூன்று வரிகளையும் கேட்டார். நாலாவதைக் கேட்டதும் அவருடைய ஊசி நின்றது.

“உதை வீட்டுக்குள்ளை நிண்டு சொல்லாதை, மோனை,” என்றார். அவ்வளவுதான். அம்மா குசினிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து நாங்கள் கிணற்றடிக்குப் போய்ப் பழகினோம்.

எங்கள் ஊரில் சத்தியம் என்பது வாயால் செய்துவிட்டுப் போகிற காரியமல்ல. ஆற்றங்கரையில் இருக்கும் சன்னதிக் கோயில் முருகனுக்கு மந்திரம் சொல்லிப் பூசை இல்லை. பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, ஒரு சத்தமுமின்றித் தீபம் காட்டுவார். வாயைக் கட்டிக் கும்பிடுகிற ஊருக்கு வாய்ச்சொல்லில் பயம் அதிகம். வலை களவுபோனால், எல்லைச் சண்டை முற்றினால், கடைசியில் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். அதோடு கதை முடிந்தது. பொய்யென்றால் அவனுக்கும் சன்னதியானுக்கும் இடையில் என்று விட்டுவிடுவார்கள். சத்தியம் பண்ணியவனை ஊர் ஒரு வருடமாவது கவனித்துக்கொண்டிருக்கும், அவனுக்குச் சளி, தடிமன் வந்தாலும் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், மூக்கொழுகும் பிள்ளைகள் எல்லாம், தகப்பன்மாரின் வள்ளங்கள் இன்னும் கரைக்கு வராத அந்தக் காலை நேரத்தில், கடல் கேட்க, உயிர் தருவேன் என்று சத்தியம் செய்தோம்.

சத்தியம் தொடங்கி ஏழு நாள், ஒரு கிழமை, போகவில்லை. மத்தியான இடைவேளையில் பெரியம்மாவும் வேறு சில பெண்களும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். மீன் விற்ற கடகம் இன்னும் அவர்கள் இடுப்பில் இருந்தது. அம்மா சாப்பாட்டுப் பார்சலை அரைவாசியில் மூடிவைத்துவிட்டு எழுந்தாள். நான் அவளுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தேன்.

“தங்கச்சி, நாங்கள் உன்னோடை சண்டைக்கு வரேல்லை,” என்றாள் பெரியம்மா, சண்டைக்கு வந்தவளின் குரலில். “நாட்டை அம்மா எண்டும் சொல்லட்டும், மாமி எண்டும் சொல்லட்டும். எங்களுக்கு ஒண்டுமில்லை. உந்தக் கடைசி வரி ஆகாது.”

“அது சும்மா ஒரு பேச்சு, அக்கா.”

“சும்மா பேச்செண்டால் ஏன் அதிலை சத்தியம் எண்டு வைச்சிருக்கு?”

போன மாரியில் புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒருத்தி பின்னால் நின்றாள். அவளுடைய மகள் என் வகுப்பு. அவள் மெதுவாகத்தான் சொன்னாள்:

“உயிரைத் தாறன், தாறன் எண்டு காலமை காலமை கூப்பிட்டால், ஆரோ ஒருத்தர் வாங்க வருவினம், ரீச்சர்.”

வகுப்பறைக்குள் காற்று வந்து ஒரு கொப்பியைப் புரட்டியது. ஒருவரும் எழுந்து அதை மூடவில்லை.

அம்மா அதிபரிடம் போனாள். அவருடைய அறை வாசலில் நின்று அவள் கதைத்ததும் அவர் சொன்னதும் பிறகு அப்பாவுக்கு அவள் சொன்னபோது கேட்டதுதான் எனக்கு. இவர்கள் அரசியல் கதைக்கிறார்களோ என்றுதான் அவர் முதலில் கேட்டாராம். அரசியல் இல்லை, பயம் என்றாளாம் அம்மா. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எனக்கும் பயம்தான் ரீச்சர் என்றாராம். அந்த வரியை எழுதாமலே விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். எழுதி, ஒரு பிரதி மேலே அனுப்பியாயிற்று. இனி எடுத்தால் ஏன் எடுத்தீர் என்று கேட்பார்கள். உயிர் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இல்லை என்று எடுத்தவர் என்று பெயர் வரும். பிள்ளைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் வசனத்துக்குள் தானே அகப்பட்டுக்கொண்ட மனிதர்.

பெண்கள் வேறொன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடம் அனுப்பாமல் பிள்ளைகளை மறித்தார்கள். காய்ச்சல், வயிற்றுக்குத்து, மாமி வீட்டில் சாமத்தியச் சடங்கு. வரிசைகள் பல் விழுந்த வாய்போல் ஆயின. அதிகாரிகள் வருகிற நேரம் பள்ளிக்கூடம் இப்படிக் கிடந்தால் பதில் சொல்லவேண்டியவர் பொறுப்பாசிரியர்தானே என்று அதிபர் அம்மாவிடம் சொன்னார். அன்று பின்னேரம் அம்மா வீட்டுக்குப் போகாமல் நேரே பெரியம்மாவிடம் போனாள். நான் பின்னால் போனேன். அம்மா முற்றத்தில் நின்றபடியே, நான் திரும்ப வன்னிக்குப் போனால் இவளை நீதான் பார்க்கவேணும் அக்கா என்று மட்டும் சொன்னாள். பெரியம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. அவளுக்கு அழுகை வந்தால் துருவுகிற வேகம் கூடும். அந்தத் தேங்காய் சிரட்டை தெரியுமட்டும் துருவப்பட்டது.

தீர்வைப் பெரியம்மாதான் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களையெல்லாம் சன்னதிக்குக் கூட்டிப் போனாள். ஆற்றில் கால் நனைத்துவிட்டு வாசலில் நின்றோம். அவள் கற்பூரம் கொளுத்தி, எல்லோருக்குமாக ஒரு நேர்த்தி வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்து, சத்தியத்தைச் சொல்லுங்கோ, ரீச்சருக்குக் கரைச்சல் குடுக்காதையுங்கோ, ஆனால் முடிஞ்ச கையோடை இதையும் வாய்க்குள்ளை சொல்லவேணும் என்று ஒரு வசனம் சொல்லித்தந்தாள்: சன்னதியானே, இதை நீ காதிலை விழுத்தாதை.

அடுத்த திங்களே வரிசைகள் நிறைந்தன.

பிள்ளைகளுக்கு ஒன்று கொடுத்தால் அதை அவ்விடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். வீட்டுக்கணக்குச் செய்தாயா என்று கேட்டால், ஓம் சேர் என்றுவிட்டு வாய்க்குள் சன்னதியானைக் கூப்பிட்டார்கள். நெல்லிக்காய் களவெடுத்தவன் களவெடுக்கவில்லை என்று அம்மன் மேல் ஆணையிட்டுவிட்டு முருகனிடம் விடுதலை வாங்கினான். அம்மன் மேலே செய்த சத்தியத்தை மகன் எப்படி எடுக்கலாம் என்று ஒருத்தி வழக்குத் தொடுத்தாள். “தாய்க்குத் தெரியாமல் மகன் செய்யிறதுதானே, உன்ரை அண்ணையைப் போல” என்று அவன் திருப்பிச் சொல்ல, இருவரும் மணலில் கட்டிப் புரண்டார்கள். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் காலையில் அந்த வரி வந்தால் நாக்கு பழையபடி தயங்கியது. மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறவர்கள். முதலில் சொல்கிறவள் நான். காதில் விழுத்தாதே என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் சன்னதியான் ஓமென்று விடுவானோ? முதல் குரல் மட்டும் தப்பி அவன் காதில் விழுந்தால்?

வாய்க்குள் சொன்னது நாளடைவில் வாயை விட்டு வெளியே வந்தது. முதலில் ஒரு மூச்சு, பிறகு முணுமுணுப்பு, பிறகு தேனீக் கூட்டின் அருகே நிற்பதுபோல் ஓர் இரைச்சல். அதிபருக்குக் கேட்டதோ தெரியாது. கேட்டிருந்தாலும் கேட்காதவராக இருந்தார். அம்மாவுக்குக் கேட்டது. வகுப்பு வகுப்பாகப் போய், உதடு அசையாமல் மனதுக்குள் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். ஓம் ரீச்சர் என்றார்கள். அதற்குப் பிறகும் ஏதோ முணுமுணுத்தார்கள்.

அதிகாரிகள் வந்த அன்று சோளகம் பலமாக இருந்தது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று; பாய் விரித்த வள்ளங்கள் அதை எதிர்த்து வந்து சேரப் பிந்தும். ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் பெண்கள் கரையில் நிற்பார்கள். நான் நின்ற இடத்திலிருந்து வேலிக்கு மேலால் அவர்களின் தலைகள் தெரிந்தன. அப்பாவின் வள்ளமும் வரவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தமிழர், தென்மராட்சிப் பக்கத்தவர், வயதானவர், கையில் குடை. மற்றவர் இளையவர், கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. அவர் எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றுக்கும் முகம் மாற்றவில்லை. அதிபர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவாரம் முடிந்தது. நான் முன்னே வந்தேன். இந்த நாடு என் தாய் என்றேன். பள்ளிக்கூடம் சொன்னது. சட்டங்கள். உழைப்பு. பிறகு அந்த இடைவெளி. அம்மா முதல்முறையாக என்னை, என் முகத்தை, பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது கட்டளையா, வேண்டாம் என்பதா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் இறுதி வரியைச் சொன்னேன். மணல்வெளி முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. புதிய ஆட்கள் முன்னால் நிற்கும் நடுக்கமோ, கரையில் தாய்மார் நிற்பதைக் கண்டதோ என்னவோ, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், தேவாரத்துக்குரிய குரலில், பள்ளிக்கூடம் தொடர்ந்தது:

“சன்னதியானே, இதை நீ காதிலை விழுத்தாதை.”

காற்றுகூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது.

குடை வைத்திருந்தவர் அதிபரைப் பார்த்தார். அதிபர் அம்மாவைக் கைகாட்டினார். அம்மா மரத்தடியிலிருந்து வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மறுதோளையும் மூடியிருந்தாள்.

“என்னத்தைக் காதிலை விழுத்தவேண்டாமாம், ரீச்சர்?” என்று கேட்டார் குடைக்காரர்.

“உயிர் குடுக்கிறம் எண்டு சொன்னதை, சேர். தகப்பன்மார் கடலிலை. பிள்ளையள் பயப்பிடுதுகள்.”

“பிள்ளையளோ?”

“தாய்மாரும்.”

அவர் சற்று நேரம் குடையின் நுனியால் மணலில் கோடு போட்டார். “நீங்களும் சொல்லுறனீங்களோ?”

இல்லை என்று ஒரு சொல் போதும். அம்மா அதைச் சொல்லவேண்டுமென்று நான் என் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

“ஓம், சேர். மனதுக்கை,” என்றாள் அம்மா.

இளையவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். முதியவர் ஆங்கிலத்திலேயே சுருக்கமாகப் பதில் சொன்னார். அது இந்த ஊர்ப் பிரார்த்தனை, கோயில் கிட்ட இருக்கிறது என்ற அளவில் அவர் சொன்னதாகப் பின்னர் அதிபர் அம்மாவிடம் சொன்னார். இளையவர் தலையசைத்தார். தேத்தண்ணீரும் வடையும் பரிமாறப்பட்டன. போகும்போது முதியவர் எதிரில் நின்ற என் தலையில் கை வைத்தார். வெயில் ஏறிய பிறகு அப்பாவின் வள்ளம் வந்தது. மீன் குறைவென்று அவருக்குக் கோபம்.

பாடசாலைப் பிள்ளைகள் தினமும் நாட்டுக்காகச் சத்தியம் சொல்லலாமா என்று இப்போது யாராவது விவாதித்தால் நான் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். இருந்த இடத்தில் இருந்து அதைக் கேட்க என்னால் முடியாது. சொல்லட்டும் என்பவர்கள், சொன்னால் பற்று வரும் என்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள், அது வெறும் கிளிப்பேச்சு என்கிறார்கள். இரு பக்கமும் அந்தச் சொற்களுக்கு எடை இல்லையென்றே எண்ணுகிறது. எங்கள் கரையில் கடகத்தோடு வந்து நின்ற பெண்கள் அப்படி எண்ணவில்லை. பிள்ளை சொன்னால் அது சொன்னதுதான். சொன்ன சொல்லைக் கேட்க யாரோ இருக்கிறார்கள். அவர்கள் நம்பியது சரியோ பிழையோ, நான் அறியேன். முருகனுக்குச் செவியை மூடச் சொல்லிக்கொடுத்ததில் ஒரு கள்ளமும் இருந்தது. ஆனால் அந்த நாலு வரிகளையும் முழு அர்த்தத்தோடு கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். ஒரு நாட்டைப் பிள்ளை நேசிக்கலாம். அதற்குப் பத்து வயதில் உயிரை விலைபேசத் தேவையில்லை. இதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறேன். என் வகுப்பில் இருந்தவர்கள் பிறகு எந்தெந்தத் திசைகளில் போனார்கள் என்று எண்ணிப் பார்த்தால் குரல் அதற்குமேல் ஏறுவதில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் முழுவதும் தபால்காரனின் சைக்கிள் மணிதான். மணி வீதியிலிருந்து எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினால் அம்மா அடுப்பில் எதையாவது கிண்டத் தொடங்குவாள். ஒழுங்கையைத் தாண்டிப் போனால் அகப்பையை வைத்துவிடுவாள். ஒன்றும் வரவில்லை. தவணை முடிந்தது. இனி வராது என்றாள் பெரியம்மா. நாங்கள் நம்பத் தொடங்கிய நேரம், மாரி பிறந்து கடல் மஞ்சளாகக் கிடந்த ஒரு நாளில், இடமாற்றக் கடிதம் வந்தது. சேவையின் தேவை கருதி. அதே வன்னி. முந்தியதைவிட இன்னும் உள்ளே.

சத்தியத்தால் வந்ததா, எல்லாருக்கும் முறைவைத்து வருகிற மாற்றமா, ஒருவருக்கும் தெரியாது. குடை வைத்திருந்தவர் எழுதினாரா, முகம் மாறாதவர் எழுதினாரா, அதிபர் தன்னைக் காப்பாற்ற ஏதும் சொன்னாரா? அம்மா கேட்கவில்லை. “இல்லையெண்டு சொல்லியிருக்கலாமெல்லே,” என்று அப்பா ஒருமுறை சொன்னார்.

“அதையும் சன்னதியான் கேட்டிருப்பான்,” என்றாள் அம்மா, பெட்டியை அடுக்கிக்கொண்டே.

அவள் போன பிறகு அதிபர் நாலாவது வரியை வெட்டினார். எவரும் கேட்கவுமில்லை, மேலிடத்திலிருந்து ஒரு சொல் வரவுமில்லை. இப்ப வெட்டினவருக்கு அப்ப கை வரேல்லையாக்கும் என்று பெரியம்மா சந்தை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் தொடர்ந்து முன்னே நின்றேன், மூன்று வரிகளோடு. மரத்தடியில் அந்த இடத்தில் வேறொரு ஆசிரியர் நின்றார்.

மாதக் கடைசியில் அம்மா வந்தாள். மழையில் பஸ் பிந்தி, கால் சேறாக, படலையடியில் பெட்டியை வைத்தாள். முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்து, என் பின்னலைப் பிரித்துச் சீவத் தொடங்கினாள். சீப்பை ஓட்டியபடியே, இன்னும் சொல்கிறீர்களா என்று கேட்டாள். மூன்று வரிதான் இப்போது என்றேன்.

“எங்கை, சொல்லு பாப்பம்.”

வீட்டுக்குள் நின்றே சொன்னேன். அப்பாவின் வலை ஊசி இந்த முறை நிற்கவில்லை. அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு, மூன்றாவது வரியின் நடுவில் எனக்கு மூச்சு வாங்குகிறது, தொடங்க முன்னரே ஆழமாக ஒரு மூச்சு எடுத்துக்கொண்டால் சரிவரும் என்றாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். அவளுடைய கை என் தலையில், சீப்போடு, அப்படியே நின்றது. ஞாயிறு மத்தியானத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று எண்ணிக்கொண்டே நான் மறுபடியும் தொடங்கினேன்.